பழக்கமோ பரம்பரையோ? மதுவமும் கலக்டோசும் பற்றிய ஓர் ஆராய்ச்சி வரலாறு

‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது நம்மவர் வாய்மொழி. ‘புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?’ என்பதும் அவர்தம் வாய்மொழியே. முன்னையது ஓருயிரின் இயல்பைப் பழக்கத்தின்பாற் சார்த்துகின்றது. பின்னையது அதனைப் பிறப்பின்பாற் சார்த்துகின்றது. இவ்விரண்டனுள் எது உண்மை என்னும் வினா சான்றோர் அவைகளிலும் திண்ணைப் பேச்சுக்களிலும் நெடுங்காலம் வழங்கி வந்ததாகும். எனினும் விடையை ஆய்ந்து காண்பதற்கு மனித வாழ்வு ஏற்ற களமன்று. ஒரு தலைமுறை கழியவே இருபத்தைந்து ஆண்டுகள் வேண்டும். பழக்கத்தையும் பிறப்பையும் தனித்தனியே பிரித்து நிறுத்துதலும் அரிது. ஆகவே கண்ணுக்குப் புலனாகாத ஒரு சிற்றுயிரையும், பாலிற் பிறக்கும் ஒரு வெல்லத்தையும் கருவியாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானிகள் இவ்வினாவை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி 1900 ஆம் ஆண்டிலே தொடங்கி நூறாண்டுக்கு மேல் நீடித்தது. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுதலும், அதனின்று நாம் பெறத்தக்க தெளிவு யாது என ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுவம் என்னும் சிற்றுயிர்

யாழ்ப்பாணத்து இல்லங்களில் அப்பஞ் சுடுவோர் மாவைப் புளிக்க வைத்தற்குச் சிறிது கள் விட்டுக் குழைத்தல் பண்டைய வழக்கம். மறுநாட் காலையில் மா பொங்கி நுரைத்து நிற்கும். அப்பொங்குதலுக்குக் காரணமாயது கள்ளிலே வாழும் மதுவம் என்னும் உயிராகும். அது மாவிலுள்ள வெல்லத்தை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகின்றது. பாண் சுடும் வெதுப்பகங்களிலும் மது வடிக்கும் சாலைகளிலும் தொழில் புரிவது இதுவே. இது காளான் குலத்தைச் சேர்ந்த ஒற்றைக்கல உயிர். ஒரு கலத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்காகும். நல்ல உணவு கிடைக்குமாயின் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கலம் அரும்பி இரண்டாகின்றது. எனவே மனிதருக்குப் பல நூற்றாண்டுகள் வேண்டிய தலைமுறைத் தொடரை மதுவத்திலே ஒரு சில நாட்களிற் காணலாம்.

மதுவம் வெறுஞ் சடப்பொருளன்று, உயிருள்ளதே என்பதை 1837 ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியாளர் சிலர் உணர்த்தினர். நொதித்தலுக்கு அதன் வாழ்வே காரணமென்பதைப் பின்னர்ப் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் நிலைநாட்டினார். 1897 ஆம் ஆண்டில் ஜேர்மானியரான எடுவாட் புக்னர், மதுவத்தை அரைத்துப் பிழிந்தெடுத்த சாறும் வெல்லத்தை நொதிக்கச் செய்யும் எனக் கண்டார். கலத்தின் தொழில்கள் நொதியங்கள் என்னும் புரதப் பொருள்களால் நடைபெறுகின்றன என்ற அறிவு இவ்வழியாலே வளர்ந்தது. நொதியம் என்னும் நமது கலைச்சொல் நொதித்தல் என்பதனோடு உறவுடையது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லும் ‘மதுவத்தினுள் உள்ளது’ என்னும் பொருள்படும் கிரேக்க அடியிற் பிறந்ததே. உயிரின் இரசாயனம் மதுவத்திலேதான் தொட்டிலிடப்பட்டது எனின் அது மிகையாகாது.

டியெனேர் கண்ட பழக்கம்

பாலிலுள்ள வெல்லம் இலக்டோசு எனப்படும். அது குளுக்கோசு, கலக்டோசு என்னும் இரு எளிய வெல்லங்கள் இணைந்து ஆயது. இவ்விரண்டும் அணுக்களின் எண்ணிக்கையில் ஒத்தவை. ஓரிடத்து அணுக்களின் நிலை மாத்திரம் வேறுபட்டவை. ஆயினும் மதுவத்துக்கு இவ்வேறுபாடு பெரிது. குளுக்கோசை அது உடனே உண்ணும். கலக்டோசை அவ்வாறு உண்ணுவதில்லை.

1900 ஆம் ஆண்டிலே பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்த பிரெடெரிக் டியெனேர் என்பவர் இதனை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். குளுக்கோசில் வளர்ந்த மதுவத்தைக் கலக்டோசுக் கரைசலில் இட்டபோது முதலில் யாதொரு நொதித்தலும் நிகழவில்லை. சில மணி நேரம் கழிந்த பின்னர் அது தொடங்கி விரைவாக நிகழ்ந்தது. அவ்வாறு தொடங்கிய மதுவத்தைக் குளுக்கோசுக்கு மீட்டு, மறுபடியும் கலக்டோசில் இட்டபோது முன்னைய ஆற்றல் மறைந்திருந்தது. மதுவம் அவ்வெல்லத்துக்குப் பழகுகின்றது என டியெனேர் கூறினார். அவர் ஆண்ட பிரான்சியச் சொல்லும் பழக்கம் என்னும் பொருளதே.

ஓர் ஒற்றைக்கலம் எவ்வாறு பழகும்? அதற்கு மூளையுமில்லை, நரம்புமில்லை. மெண்டலின் பரம்பரை விதிகள் மீண்டும் கண்டறியப்பட்டதும் அதே 1900 ஆம் ஆண்டிலேதான். ஆயினும் ஏறத்தாழ நாற்பதாண்டு காலம் இவ்விரு கண்டுபிடிப்புக்களும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. மதுவத்தில் ஆண், பெண் கூட்டம் உண்டென்பதே அக்காலத்தில் அறியப்படாமையால் அதனைக் கலப்புச் செய்து பரம்பரையை ஆராய்தற்கு வழியில்லாதிருந்தது.

கோப்பன்ஹேகனில் ஓர் ஊசிமுனை

அவ்வழியைத் திறந்தவர் டென்மார்க்கு நாட்டவரான எய்விண்ட் விங்கே ஆவர். கோப்பன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடம் 1875 ஆம் ஆண்டில் ஒரு மதுச்சாலை உரிமையாளரால் நிறுவப்பட்டது. அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் 1883 ஆம் ஆண்டில் ஒற்றைக் கலத்தினின்று தூய மதுவ வளர்ப்பைப் பெறும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவ்வாய்வுகூடத்தில் விங்கே 1933 ஆம் ஆண்டு முதல் உடற்றொழிலியற் பகுதிக்குத் தலைவராயிருந்தார். மதுவத்தின் வாழ்விலும் ஒருமடிய நிலை, இருமடிய நிலை என இரண்டு மாறிமாறி வருகின்றன என்பதை 1935 ஆம் ஆண்டில் அவர் காட்டினார்.

இருமடிய மதுவக் கலத்தைத் தக்கவாறு பட்டினி இடின், அது ஒரு சிறு பையாகி அதனுள்ளே நான்கு வித்திகளைத் தோற்றுவிக்கும். ஒடுக்கற்பிரிவின் நாற்பயனும் அப்பையினுள் ஒருங்கே கிடக்கின்றன. விங்கேயும் அவர்தம் துணைவரும் நுணுக்குக்காட்டியின் கீழே நுண்ணிய கண்ணாடி ஊசியினால் அவ்வித்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தனித்தனி வளர்த்தனர். இரு பெற்றோரும் ஒரேயொரு பரம்பரையலகில் வேறுபடுவராயின், நான்கு வித்திகளுள் இரண்டு ஒருவரையும் ஏனைய இரண்டு மற்றவரையும் ஒத்திருத்தல் வேண்டும். பட்டாணிச் செடியில் நூற்றுக்கணக்கான வித்துக்களை எண்ணிச் சராசரியாற் காணவேண்டிய விதியை இங்கே ஒவ்வொரு பையிலும் நேரே காணலாம்.

இம்முறையைக் கொண்டு விங்கேயும் கதரீன் றொபேட்ஸ் என்னும் அம்மையாரும் கலக்டோசுப் பழக்கத்தை ஆராய்ந்து 1948 ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். சாதாரண மதுவம் சில மணி நேரத்திற் கலக்டோசுக்குப் பழகும். ஆயின் சில மதுவ வகைகளுக்குப் பல நாட்கள் வேண்டியிருந்தன. இதனை அவர்கள் நெடுங்காலப் பழக்கம் என்றனர். விரைந்து பழகுவதையும் தாமதித்துப் பழகுவதையும் கலந்து, வித்திகளைப் பிரித்து நோக்கியபோது அத்தாமதம் ஒரு பரம்பரையலகைச் சார்ந்ததெனத் தெரிந்தது. பழக்கம் நிகழும் வேகந்தானும் பிறப்பிலே அமைந்தது என்பது அவர்கள் கண்ட முடிபு.

எதிர்வாதமும் அக்காலச் சூழலும்

இம்முடிபு யாவராலும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அமெரிக்காவில் கார்ல் லிண்டகிறன், சொல் ஸ்பீகல்மன் என்போர் வேறோர் எண்ணங் கொண்டிருந்தனர். லிண்டகிறன் மதுவத்தில் இரு கலப்பினங்கள் உண்டென்பதை 1943 ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய பெருமைக்குரியவர். ஸ்பீகல்மனோடு சேர்ந்து 1945 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று, வேறொரு வெல்லத்தின் தொடர்பான நொதியத்தைப் பற்றி வியத்தகு செய்தியொன்றைக் கூறியது. அந்நொதியத்துக்குரிய பரம்பரையலகு இல்லாதபோதும், அவ்வெல்லம் தொடர்ந்து கிடைக்குமாயின், நொதியத்தை ஆக்கும் ஆற்றல் குழியவுருவின் வழியாகத் தலைமுறை தலைமுறையாய் நிலைபெறும் என்பதே அது. குழியவுருவிலே தம்மைத் தாமே பெருக்கும் துணிக்கைகள் உண்டென அவர்கள் கருதினர். 1950 ஆம் ஆண்டில் ஸ்பீகல்மனும் அவர்தம் துணைவரும், விங்கே ஆராய்ந்த நெடுங்காலக் கலக்டோசுப் பழக்கமும் குழியவுருவைச் சார்ந்ததே என வாதித்தனர். பழகிய கலத்தின் சந்ததிகள் கலக்டோசு இல்லாத இடத்தும் சில தலைமுறை அப்பழக்கத்தைத் தாங்கி நின்று, பின்னரே அதனை இழந்தன என்பது அவர்கள் காட்டிய சான்று.

இவ்வாதத்தின் கனத்தை உணர்தற்கு அக்காலச் சூழலை நாம் நினைத்தல் வேண்டும். விங்கேயின் கட்டுரை வெளிவந்த அதே 1948 ஆம் ஆண்டின் ஓகஸ்டு மாதத்தில், மொஸ்கோ நகரிலே கூடிய வேளாண் விஞ்ஞானக் கழகத்தில் லைசென்கோவின் கொள்கையே அரசின் கொள்கையென அறிவிக்கப்பட்டது. உயிர்கள் வாழ்நாளிற் பெறும் பண்புகள் சந்ததிக்குச் செல்லும் என்பது அவர் கொள்கை. பரம்பரையியல் சோவியத்து நாட்டிற் கற்பிக்கப்படாதொழிந்தது. ஆராய்ச்சியாளர் பலர் பதவி இழந்தனர். பயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்ற நிக்கலாய் வவிலோவ் முன்னரே 1943 ஆம் ஆண்டிற் சிறையில் உயிர் நீத்திருந்தார். இத்தகைய காலத்தில் ‘பழக்கம் சந்ததிக்குச் செல்லுமா?’ என்பது ஒரு மதுவக் குடுவையோடு அமையும் வினாவன்று. ஸ்பீகல்மனும் லிண்டகிறனும் லைசென்கோவின் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். அவர்கள் சான்றைக்கொண்டே வாதித்தனர், மறுப்போரும் சான்றைக்கொண்டே மறுத்தனர். இவ்வேறுபாடு மாணவர் மனங்கொள்ளத் தக்கது. ஓரிடத்தில் வினா கட்டளையால் முடித்துவைக்கப்பட்டது. மற்றோரிடத்தில் அது பரிசோதனையை நோக்கித் திறந்து விடப்பட்டது.

குழியவுருவுக்கு யாதொரு பரம்பரைப் பங்கும் இல்லையெனத் தள்ளிவிடுதலும் அன்று இயலாததாயிற்று. 1949 ஆம் ஆண்டிற் பாரிசு நகரிலே போரிஸ் எப்ருசி என்பவர், சுவாசிக்கும் ஆற்றலை இழந்த சிறுகுடி மதுவங்களை ஆராய்ந்து, அவ்விழப்பு கருவிலுள்ள அலகைச் சாராது குழியவுருவாற் கடத்தப்படுவதைக் காட்டினார். இழைமணிகள் தமக்கெனச் சிறிதளவு டி.என்.ஏ. உடையன என்பது பின்னரே தெளிவாயிற்று. தம்மைத் தாமே பெருக்கும் நொதியத் துணிக்கைகள் என்ற கொள்கையோ நிலைபெறவில்லை. ஆயினும் ஸ்பீகல்மன் காட்டிய செய்தி, பழக்கம் சில தலைமுறை நீடிக்கின்றது என்னும் செய்தி, விளக்கம் வேண்டி நெடுநாட் காத்திருந்தது.

வெல்லம் செல்லும் பாதை

இதற்கிடையில் கலக்டோசு கலத்தினுள் என்ன ஆகின்றது என்பதை ஆர்ஜென்டீனா நாட்டு அறிஞர் லூயி லெலுவார் கண்டறிந்தார். புவனோஸ் அயர்சில் வசதி குறைந்ததோர் ஆய்வுகூடத்தில் மதுவத்தைக் கொண்டு அவரும் துணைவரும் செய்த ஆராய்ச்சியால், கலக்டோசு சில படிகளிற் குளுக்கோசின் வழிக்குத் திருப்பப்படுகின்றது என்பது 1950 ஆம் ஆண்டளவில் விளங்கியது. இதற்கு மூன்று சிறப்பு நொதியங்கள் வேண்டும். லெலுவார் 1970 ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

இப்பாதை மனிதருக்கும் உரியது. சில குழந்தைகள் தாய்ப்பாலை உண்டமையாலேயே ஈரல் கெட்டுக் கண்ணிற் புரை படர்ந்து நலிவடைகின்றன. இம்மூன்று நொதியங்களுள் இரண்டாவது அக்குழந்தைகளிடம் இல்லாமையே காரணமென 1956 ஆம் ஆண்டில் ஹேமன் கால்க்கரும் அவர்தம் துணைவரும் காட்டினர். பிறந்தவுடன் நோயை அறிந்து பாலை விலக்கின் உயிராபத்தினின்று குழந்தையைக் காக்கலாம். மதுவம் வெல்லத்துக்குப் பழகுவதை ஆராய்வது வீண் வேலையன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

சியாட்டில் நகரத்து விகாரங்கள்

பாரிசில் பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மொனோ என்போர் 1961 ஆம் ஆண்டில் பற்றீரியாவின் இலக்டோசு நொதியங்களைப் பற்றிப் புகழ்பெற்ற கொள்கையொன்றை வெளியிட்டனர். ஒரு பரம்பரையலகு ஆக்கும் புரதம் வேறு அலகுகளைத் தடுத்து நிறுத்துகின்றது. வெல்லம் வந்து அத்தடையை விலக்கும்போது நொதியங்கள் தோன்றுகின்றன. பரம்பரையலகு எப்போதும் வெளிப்பட்டு நிற்பதன்று, வேண்டும்போது மாத்திரம் வெளிப்படுவது என்னும் எண்ணம் இதனால் உறுதி பெற்றது. டியெனேர் கண்ட பழக்கம் இப்போது புதியதொரு பெயர் பெற்றது. அது பரம்பரையலகின் வெளிப்பாடு ஆயிற்று.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹவாட் டக்ளசும் டொனல்ட் ஹோதோணும் இவ்வெண்ணத்தை மதுவத்தில் ஆராய்ந்தனர். கலக்டோசோடு தொடர்புடைய அலகுகளுக்குக் கேல் என்னும் பெயரும் எண்களும் வழங்கலாயின. கேல்-1, கேல்-7, கேல்-10 என்பன லெலுவார் கண்ட மூன்று நொதியங்களுக்குரியவை; அவை இரண்டாம் நிறமூர்த்தத்தில் அருகருகே உள்ளன. இவற்றை ஆளும் அலகுகளோ வேறு நிறமூர்த்தங்களிற் சிதறிக் கிடக்கின்றன. கேல்-4 கெட்டுவிடின் மூன்று நொதியங்களும் ஒருங்கே தோன்றாதொழிகின்றன. கேல்-80 கெட்டுவிடின் கலக்டோசு இல்லாதபோதும் மூன்றும் தோன்றுகின்றன. கேல்-3 கெட்டுவிடினோ பழக்கம் நிகழப் பல நாட்களாகின்றன. விங்கே கண்ட தாமதம் இதுவே.

இவற்றைக் கொண்டு 1966 ஆம் ஆண்டில் டக்ளசும் ஹோதோணும் ஒரு விளக்கம் கூறினர். கேல்-4 நொதிய அலகுகளைத் தூண்டுவது. கேல்-80 ஆக்கும் புரதமோ கேல்-4 அலகு வெளிப்படாதவாறு அதன் அருகே டி.என்.ஏ. மீது அமர்ந்து தடுப்பது. கலக்டோசு வரும்போது தடை நீங்கிக் கேல்-4 புரதம் ஆக்கப்படும். பாரிசுக் கொள்கையை மதுவத்துக்கு இயைத்த விளக்கம் இது.

இவ்விளக்கத்தில் ஒரு பாதி சரியானது, மறு பாதி பிழையானது. 1978 ஆம் ஆண்டளவில் ஜப்பானில் யசுஜி ஓஷிமாவின் ஆய்வுகூடத்தினரும், 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பேள்மன், ஹொப்பர் என்போரும், கலக்டோசு வருமுன்னரே கேல்-4 புரதம் கலத்தில் ஆயத்தமாய் இருக்கின்றது எனக் காட்டினர். ஆகவே தடுக்கப்படுவது அலகின் வெளிப்பாடன்று. ஆக்கப்பட்டு நிற்கும் புரதத்தின் தொழிலே தடுக்கப்படுகின்றது. டி.என்.ஏ. மீது கேல்-80 அமரும் இடமெனக் கருதப்பட்ட பகுதி உண்மையிற் கேல்-4 புரதத்தின் ஒரு பகுதிக்கான செய்தியே என 1980 ஆம் ஆண்டில் ஓஷிமாவின் குழுவினர் நிறுவினர். விளக்கம் மாறிய போதும் டக்ளசும் ஹோதோணும் தேடியெடுத்த விகாரங்கள் மாறவில்லை. அவற்றைக் கொண்டே அவர்தம் பிழையும் திருத்தப்பட்டது. நல்ல பரிசோதனை தன்னைச் செய்தவரின் கருத்தைக் கடந்தும் வாழும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கேல்-4 இன் இரு கைகள்

மதுவத்தினுள் வேண்டிய டி.என்.ஏ. துண்டைப் புகுத்தும் முறை 1978 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெரால்ட் பிங்கின் ஆய்வுகூடத்தில் வகுக்கப்பட்டது. அதன்பின் ஆராய்ச்சி புதிய வேகங் கொண்டது. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் மார்க் டாஷ்னியும் மாணவரும் கேல்-4 புரதத்தை எடுத்து ஆராய்ந்தனர். 881 அமினோவமிலங்கள் கோத்த அப்புரதம், கேல்-1, கேல்-10 என்னும் அலகுகளுக்கு இடைப்பட்ட வெளியில், ஒவ்வொன்றும் 17 படிகள் நீளமான நான்கு இடங்களைப் பற்றிக்கொள்கின்றது என 1985 ஆம் ஆண்டிற் கண்டனர்.

அதே ஆண்டில் ரொஜர் பிரென்டும் டாஷ்னியும் செய்த பரிசோதனை இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். கேல்-4 இல் டி.என்.ஏ. ஐப் பற்றும் பகுதியை நீக்கி, அதற்குப் பதிலாக வேறோர் இடத்தைப் பற்றும் பற்றீரியாப் புரதமொன்றை இணைத்தனர். அவ்விணைப்புப் புரதம், பற்றீரியாப் புரதத்துக்குரிய இடம் அமைக்கப்பட்ட அலகையே தூண்டியது. மறுவருடம் பற்றும் பகுதியாகிய முதல் 147 அமினோவமிலங்களை மாத்திரம் வைத்து ஆராய்ந்தபோது அது பற்றியதேயன்றித் தூண்டவில்லை. எனவே அப்புரதத்துக்கு இரு கைகள் உள. ஒரு கை இடத்தைப் பற்றுகின்றது. மற்றக் கை அலகைப் படியெடுக்கும் பொறியை அழைக்கின்றது. எவ்விடத்தைப் பற்றுவது என்பதும், பற்றியபின் என்ன செய்வது என்பதும் வேறு வேறாகப் பிரிக்கத்தக்கன.

இது மதுவத்துக்கு மாத்திரம் உரியதோ என்னும் ஐயம் 1988 ஆம் ஆண்டில் நீங்கியது. கேல்-4, அதற்குரிய பற்றிடம் அமைக்கப்பட்ட இடத்து, பாலூட்டிக் கலங்களிலும் பழவீயிலும் புகையிலைக் கலங்களிலும் தூண்டும் தொழிலைச் செய்தது. நூறு கோடி ஆண்டளவிற்கு முன்னே பிரிந்து சென்ற உயிர்க் குலங்கள் யாவும் ஒரே முறையில் தம் அலகுகளை வெளிப்படுத்துகின்றன என்பதே இதன் பொருள். இவ்விரு கைகளைப் பிரித்து வேறு புரதங்களோடு இணைத்து, எப்புரதம் எதனோடு கூடும் எனக் காணும் முறையை 1989 ஆம் ஆண்டில் ஸ்டான்லி பீல்ட்சும் சொங்கும் வகுத்தனர். 1993 ஆம் ஆண்டு முதற் பழவீயை ஆராய்வோர் வேண்டிய இழையத்தில் வேண்டிய அலகை வெளிப்படுத்தக் கேல்-4 ஐயே கருவியாகக் கொண்டனர். தூண்டும் புரதத்துக்கும் படியெடுக்கும் நொதியத்துக்கும் இடைநின்று தூது செல்லும் புரதத் தொகுதியை மதுவத்திற் கண்டவர் ரொஜர் கோன்பேர்க். படியெடுத்தலின் மூலக்கூற்று அடிப்படையை ஆராய்ந்தமைக்காக 2006 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

பழைய வினாவுக்குப் புதிய விடை

இனி விங்கேயும் ஸ்பீகல்மனும் வாதித்த நெடுங்காலப் பழக்கத்துக்கு மீள்வோம். கேல்-3 அலகின் செய்தி வாசிக்கப்பட்டபோது, அப்புரதம் கேல்-1 என்னும் நொதியத்தைப் பெரிதும் ஒத்திருத்தல் 1988 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஆயினும் கேல்-3 நொதியமாகத் தொழில் புரிவதில்லை. அது ஓர் உணர்கருவி. கலத்தினுட் கலக்டோசு வந்ததும் கேல்-3 அதனைப் பற்றிக் கேல்-80 ஐப் பிடித்துக்கொள்கின்றது. கேல்-80 இன் தடையினின்று விடுபட்ட கேல்-4 மூன்று நொதிய அலகுகளையும் தூண்டுகின்றது. அவற்றின் வெளிப்பாடு ஆயிரம் மடங்களவிற் பெருகுகின்றது. குளுக்கோசு கிடைக்கும்வரை இவ்வலகுகள் வேறொரு வழியால் மூடப்பட்டிருத்தலும் உண்டு. எளிய உணவு இருக்க அரிய உணவைத் தேடாத சிக்கனம் அது.

கேல்-3 கெட்ட மதுவத்தில் நிகழ்வது யாது? அதன் உறவான கேல்-1 நொதியத்துக்கும் கேல்-80 ஐப் பிடிக்கும் ஆற்றல் சிறிது உண்டு. கலக்டோசு இல்லாத கலத்திற் கேல்-1 மிக அரிதாதலின், அது தொழிலைத் தொடங்கப் பல நாட்களாகின்றன. ஏதோ ஒரு கலத்திற் சிறிது தொடங்கிவிடின், கேல்-1 மேலும் கேல்-1 ஐப் பெருக்குவிக்கின்றது. பின்னர் அக்கலம் விரைந்து பெருகுகின்றது. அது அரும்பும்போது மகட்கலம் தாய்க்கலத்தின் குழியவுருவோடு அங்கு நிறைந்த கேல்-1 புரதத்தையும் பெறுகின்றது. ஆதலால் அது புதிதாகப் பழக வேண்டுவதில்லை. கலக்டோசு நீங்கினால், அரும்புதல் தோறும் அப்புரதம் பங்கிடப்பட்டுக் குறைந்து சில தலைமுறையில் பழக்கமும் அற்றுப்போகின்றது. கேல்-3 கெடாத சாதாரண மதுவத்திலும் இத்தகைய நினைவு உண்டென்பதையும், அந்நினைவைத் தாங்குவது கேல்-1 புரதமே என்பதையும் 2007 ஆம் ஆண்டிற் கிரேக்க நாட்டு ஆய்வாளர் நிலைநாட்டினர்.

ஆகவே விங்கே கூறியதும் மெய். ஸ்பீகல்மன் கண்டதும் மெய். எத்துணை விரைவிற் பழகலாம் என்பதை விதிப்பது பரம்பரையலகு. பழகியதனைச் சில தலைமுறை தாங்கிச் செல்வது குழியவுரு. ஆனால் அப்பழக்கம் பரம்பரையலகின் எழுத்தை மாற்றுவதில்லை. லைசென்கோ வேண்டியது இங்கு எவ்விடத்தும் காணப்படவில்லை.

கேல்-1 உம் கேல்-3 உம் இவ்வாறு ஒத்திருத்தற்கும் காரணம் காணப்பட்டது. மதுவத்தின் 16 நிறமூர்த்தங்களிலும் உள்ள ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் படிகளின் எழுத்துக்கள் 1996 ஆம் ஆண்டில் முற்றாக வாசிக்கப்பட்டன. கருவுடைய கலங்கொண்ட உயிர்களுள் முதன்முதலாக முழுதும் வாசிக்கப்பட்டது மதுவமே. அவ்வெழுத்துக்களை ஆராய்ந்தோர், மதுவத்தின் மூதாதையிற் பரம்பரையலகுகள் யாவும் ஒருகாலத்தில் இரட்டித்தன என 1997 ஆம் ஆண்டிற் கூறினர். அதனின்று விலகி நின்ற உறவு மதுவமொன்றில் இன்றும் ஒரே அலகு நொதியமாகவும் உணர்கருவியாகவும் இருதொழில் புரிகின்றது. நமது மதுவத்தில் அவ்விரு தொழிலும் இரு உடன்பிறப்புக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. எனவே மூத்த தொழிலைக் கேல்-1 முற்றாக மறக்கவில்லை. அம்மறவாமையே 1948 ஆம் ஆண்டிற் பல நாட் தாமதமாகத் தோன்றியது.

முடிவுரை

மதுவத்துக்குப் பொருந்தியது மனிதருக்கும் அவ்வாறே பொருந்தும் எனத் துணிதல் ஆகாது. மனிதர் பழகுவது நரம்பினாலும் மொழியினாலும் சமூகத்தினாலும் ஆகும். எனினும் வினாவைத் தொடுக்கும் முறையில் இவ்வரலாறு நமக்கு ஒரு திருத்தம் தருகின்றது. பழக்கமோ பரம்பரையோ என ஒன்றை ஒன்றுக்கு எதிராக நிறுத்துதல் பிழை. பரம்பரையலகு என்பது நெற்றியில் எழுதப்பட்டு அசையாது கிடக்கும் விதியன்று. சூழலை உணர்ந்து திறந்தும் மூடியும் நிற்கும் வாயில் அது. பழக்கம் என்பது அவ்வாயில் திறக்கப்பட்ட நிலை. வாயிலே இல்லாத சுவரிற் பழக்கம் நுழைவதில்லை. வாயிலிருந்தும் வெல்லம் வாராவிடின் அது திறப்பதில்லை.

பாலுணவு ஏலாத குழந்தைகளுக்குரிய மனித அலகை, அதற்கொத்த கேல்-7 அலகு நீக்கப்பட்ட மதுவத்திற் புகுத்தி, அவ்வலகின் பல்வேறு விகாரங்கள் எத்துணைத் தீங்கு விளைக்கும் என அளக்கும் முறை 1993 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. மனித அலகு மதுவத்தின் குறையை நிறைத்து அதனைக் கலக்டோசில் வாழச் செய்தது. மதுவத்திற் கற்ற பாடம் குழந்தையின் நோய்க்கு ஒளி தந்தது. குழந்தையின் அலகு மதுவத்தினுள் உயிர் பெற்றுத் தன் இயல்பைக் காட்டியது.

டியெனேர் வினாவைக் கேட்டதற்கும் அதன் விடை முற்றும் விளங்கியதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு சென்றது. அவ்விடையைக் கண்டவர் ஒருவரல்லர், ஒரு நாட்டவருமல்லர். பாரிசு, கோப்பன்ஹேகன், சென் லூயிஸ், புவனோஸ் அயர்ஸ், சியாட்டில், ஒசாக்கா என்னும் நகரங்களிலிருந்து ஒருவர் விட்ட இடத்தினின்று மற்றவர் தொடர்ந்தனர். சிலர் பிழைபட்டனர், ஆயினும் தாம் கண்டதை மறையாது எழுதிவைத்தமையாற் பின்வந்தோர் அப்பிழையினூடும் உண்மையைக் கண்டனர். அப்பமாவிற் பொங்கும் நுரையைக் காணுந்தோறும் நம் மாணவர் இதனை நினைவுகூர்வாராக.